குகைக்குள் பச்சையடித்த சட்டை

வெளியே தேன் நிறமாக இருக்கிற சட்டை குகைக்குள் போனால் பச்சையடிக்கிறது என்று மயோர்க்கா தீவிலிருந்து புகார் வந்தது. மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான தீவு அது. விடுமுறை விட்டால் பாதி ஐரோப்பா வெயில் காய அங்கேதான் போகும். வெயில் எனக்கு வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. நான் போனது குகைக்காக.

திருப்பூரில் மண்ணரையில் எனக்கு ஒரு சிறிய பனியன் கம்பெனி இருக்கிறது. சரக்கு வாங்குகிற பையரோடு பேசுவது, அதை அனுப்புவது எல்லாவற்றையும் மகள் நித்யா எடுத்துக்கொண்டுவிட்டாள். என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே வேலை. ஷேடு பார்ப்பது. சாயப்பட்டறையிலிருந்து வருகிற துணியை, பையர் அனுப்பிய மாதிரித் துண்டோடு சேர்த்து வைத்து, இரண்டும் ஒரே நிறமா இல்லையா என்று சொல்ல வேண்டும். இதற்கு மெஷின் வந்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் சந்தேகம் வந்தால் மற்ற கம்பெனிக்காரர்கள்கூட துண்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் ராயபுரத்தில் என் வீடு தேடி வருவார்கள். நான் ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "செகப்பு சித்தே தூக்கலா இருக்குதுங்க" என்று சொன்னால் மறுபேச்சு பேசாமல் திரும்பிப் போவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைப்பானேன்?

புகார் அனுப்பியவர் அந்தத் தீவில் ஒரு சின்னச் சுண்ணாம்புக் குகையைச் சொந்தமாக வைத்து நடத்தும் பெண்மணி. பெயர் மார்கலிதா. குகைக்குள் திரைச்சீலை போல ஒரு பாறை தொங்குகிறதாம். வழிகாட்டிகளுக்கும் கடையில் விற்பதற்கும் அந்தப் பாறையின் நிறத்தில் டிசர்ட் வேண்டும் என்று கேட்டிருந்தார். வீட்டிலிருந்த மேஜைத்துணி ஒன்றைக் குகைக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்த்து, பாறையோடு ஒத்துப்போகவே, அதில் ஒரு துண்டு வெட்டி அனுப்பினார். அந்தத் துண்டுக்குத்தான் நாங்கள் சாயம் போட்டோம். நான்தான் பார்த்து ஓகே சொன்னேன். புகாரின் கடைசி வரி, "இந்த நிறத்துக்குச் சம்மதம் சொன்னவர் நேரில் வந்து பார்ப்பது நல்லது" என்று முடிந்திருந்தது.

நித்யா அதைப் படித்துக் காட்டினாள். பிறகு, "ஏனுங்கப்பா, இனி மெஷின் ரீடிங்கை மட்டும் வச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அதனாலேயே அதிகம் சுட்டது.

"தப்பு என்ற கண்ணுலதான்னா இனி நான் ஷேடு பாக்கலை அம்மணி. மொதல்ல தப்பு எதுலன்னு பாத்துட்டு வந்தர்றேன்" என்றேன்.

சாயம் போட்டவர் ஜெபராஜ். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து இளம் வயதில் திருப்பூருக்கு வந்து, கூலிக்குத் துணி துவைத்து, இன்று சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். ஊரோடு சேர்ந்து நானும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். நான் கிளம்புகிறேன் என்று கேள்விப்பட்டதும், "நானும் வாரேன் அண்ணாச்சி" என்றார். என் கண்ணில் தப்பில்லை என்றால் அவருடைய சாயத்தில் தப்பு. தன் கட்சியைத் தானே பேச வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வழக்கின் வாதியும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போவது நம் ஊரில் நடக்காததா?

தீவின் தலைநகரம் பால்மாவில் விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் குளிக்கப் போனேன். சோப்பு நுரைக்கவே இல்லை. வெளியே வந்தால் ஜெபராஜ், தண்ணீர் சுட வைக்கிற கெட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது.

"பாருங்க அண்ணாச்சி, தண்ணியெல்லாம் சுண்ணாம்பு. இந்தத் தண்ணில ஒரு சட்டைக்குச் சாயம் போட முடியாது" என்றார். வந்த இடத்தில் தீவையே ரிஜெக்ட் செய்துவிட்டார்.

இரவுச் சாப்பாடு ரொட்டி. பழுத்த தக்காளியை வெட்டி ரொட்டி மேல் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவித் தருகிறார்கள். இதற்கு ஒரு பெயரும் வைத்து மெனுவில் போட்டிருந்தார்கள். தக்காளி சட்னி அரைக்கச் சோம்பல்பட்டவர்கள் கண்டுபிடித்தது போல இருந்தது. ஆனால் ருசியாக இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கடையில் வெளிச்சம் மங்கல். நான் மெனுவைத் தூரத்தில் பிடித்துப் பார்ப்பதைக் கண்டு ஜெபராஜே கையிலிருந்து வாங்கிப் படித்துச் சொன்னார். என்னைவிட அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் காலைச் சாப்பாடு. பரோட்டாவை வீசிச் சுருட்டி வட்டமாக வைப்பார்களே, அதே சுருள். தட்டாமல் அப்படியே சுட்டு, மேலே மாவு போலச் சர்க்கரை தூவியிருந்தது. பஞ்சு மாதிரி பிய்ந்து வந்தது. ஒன்று தின்று, இன்னொன்று வாங்கினேன். பஸ் கிளம்பின பிறகுதான் ஜெபராஜ் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, அதுல வெண்ணெய் கெடயாது. பன்னிக் கொழுப்பாம். அந்தப் பொண்ணுட்ட கேட்டேன்."

சனிக்கிழமையில் நான் கவுச்சி தொடுவதில்லை. அது அவருக்கும் தெரியும். "ஏனுங்க மாஸ்டர், கேட்டவரு திங்கறதுக்கு முன்னாடி சொல்றதில்லீங்களா?"

"சொன்னா சாப்பிட்டிருக்க மாட்டிய. அவ்ளோ ஆசையா சாப்பிட்டிய" என்றார்.

பெருமாளிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே செம்மண். சுண்ணாம்புக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிச்சுவர்கள். அதற்குள் கழுத்தில் மணி கட்டிய ஆடுகள். கல் வீடுகளையும் கல்லால் கட்டிய பழைய காற்றாலைகளையும் எடுத்துவிட்டால் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கோ போகிற மாதிரிதான் இருந்தது. என்ன, அங்கே தென்னை நிற்கிற இடத்தில் இங்கே பாதாம் நிற்கிறது. கல்லைப் பொறுக்கி எடுக்க எடுக்க நிலத்தில் கல் முளைக்கிற ஊர்க்காரர்கள் எல்லோரும் கடைசியில் இப்படித்தான் வேலி கட்டுவார்கள் போலிருக்கிறது.

டிரைவரிடம் "குகை" என்று சொல்லியிருந்தோம். அவர் எங்களை இறக்கிவிட்ட இடத்தில் திருப்பதி மாதிரிக் கூட்டம். ஏரியும் படகும் உள்ள பெரிய குகை அது. வெளிநாட்டு முகத்தோடு குகை என்று கேட்டால் அங்கேதான் இறக்கிவிடுவார்களாம். இது எங்களுக்குத் தெரியாது. சின்னக் குகைக்கு இவ்வளவு கூட்டமா, டிசர்ட் ஆர்டர் இன்னும் பெரிதாகக் கொடுத்திருக்கலாமே என்று நினைத்தபடி வரிசையில் நின்றோம்.

எனக்கு முன்னால் ஓர் உயரமான ஜெர்மன்காரர், மனைவியோடு. நீல டிசர்ட். முதுகுப் பக்கம் நல்ல துணியாகத் தெரிந்தது. திருப்பூர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. சினிமா தியேட்டரோ, சாவு வீடோ, முன்னால் நிற்பவன் சட்டையின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தேய்த்துப் பார்த்துவிடுவான். ஊருக்குள் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்களும் அதைச் செய்கிறவர்கள். கை தானாகப் போயிற்று. ஓரத்தைப் புரட்டித் தையலையும் பார்த்துவிட்டேன். ஜெர்மன்காரர் திரும்பினார்.

ஜெபராஜ் அவசர அவசரமாக இங்கிலீஷில் விளக்கினார். நாங்கள் திருடர்கள் இல்லை, பனியன் தைக்கிறவர்கள், இது எங்கள் ஊர்ப் பழக்கம். அந்த மனிதர் கேட்டுவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். கழுத்துப் பட்டையைத் தானே இழுத்து, உள்ளே உள்ள லேபிளை என் கண் முன்னால் காட்டினார். பங்களாதேஷ் என்று இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் மனைவியும் சிரித்தார். பிறகு, நாங்கள் வந்த வேலையைக் கேட்டு, தன் போனில் தேடிப் பார்த்து, "நீங்கள் நிற்பது தப்பான குகை" என்றார் அந்த அம்மாள்.

அவர்களுடைய வாடகைக் காரிலேயே எங்களைச் சரியான குகைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இறங்கும்போது கணவர் தன் டிசர்ட்டின் ஓரத்தைப் பிடித்துக் காட்டி, "துணி நல்லதுதானே?" என்றார். நல்ல துணிதான். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சரியான குகையின் வாசலில் ஒரு மரம், ஒரு இரும்புக் கதவு, ஒரு பூட்டு, ஒரு நாய். மத்தியானத்தில் இந்த ஊரில் எல்லாரும் தூங்குவார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. நாயும் தூங்கியது. மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஜெபராஜ் தன் பையிலிருந்து எங்கள் சட்டை ஒன்றையும், மார்கலிதா அனுப்பிய துணித்துண்டையும் எடுத்து என் மடியில் வைத்தார். நல்ல வெயில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு தாய் பிள்ளைகள். எந்தத் தப்பும் இல்லை.

"எனக்கு ஒண்ணாட்டத்தான் தெரியுது. உங்களுக்குங்க மாஸ்டர்?"

"ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றார்.

அப்படியானால் அந்த அம்மாவின் கண்ணில்தான் கோளாறு என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மார்கலிதா சாவிக்கொத்தோடு வந்தார். என் வயதுதான் இருக்கும். வெட்டிய முடி, ஜீன்ஸ், மண் படிந்த பூட்ஸ். கை குலுக்கியதும் மடியில் கிடந்த சட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தெரிந்த இங்கிலீஷில் அவர் சொன்னதை ஜெபராஜ் தமிழில் சொன்னார். "வெளியே பார்த்தால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். உள்ளே வாருங்கள்."

குகை அவருடைய பாதாம் தோட்டத்துக்கு அடியில் இருக்கிறது. எப்போதோ நிலம் உள்வாங்கியதில் கண்ணில் பட்டதாம். படியிறங்க இறங்கக் குளிர்ந்தது. எங்கள் பக்கத்துப் பாறைக் கிணற்றுக்குள் கல் படியில் இறங்கினால் ஒரு வாசம் வருமே, அதே வாசம். படிகள் ஈரம். ஜெபராஜ் எனக்கு முன்னால் இறங்கி, ஒவ்வொரு படிக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். இவ்வளவு பயந்தாங்கொள்ளியா இவர் என்று நினைத்தேன்.

உள்ளே ஏரியில்லை, படகில்லை, வண்ண விளக்கில்லை. அங்கங்கே வெள்ளை எல்.ஈ.டி. பல்புகள் மட்டும். மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சொட்டுகிற தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, மேலேயிருந்து விழுதாக இறங்கி, கீழேயிருந்து தூணாக எழும்பி, சில இடங்களில் இரண்டும் கைகோத்து நின்றன. ஜெபராஜ் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார்.

"நம்ம பாய்லர்க்குள்ள இது ஒரு விரக்கடை படிஞ்சா ஆள விட்டுச் சொரண்டுதோம், ஆசிட்ட ஊத்திக் கழுவுதோம். இங்கன டிக்கெட் போட்டுக் காட்டுதாவ" என்றார். அதை மார்கலிதாவுக்கு மொழிபெயர்க்கச் சொன்னேன். ஜெபராஜ் மறுத்துவிட்டார்.

திரைச்சீலைப் பாறை கடைசி அறையில் இருந்தது. அழகு என்பதைச் சொல்லிவிட வேண்டும். மடிப்பு மடிப்பாக, விளிம்பு மட்டும் மெல்லிசாக, பின்னாலிருந்து விளக்கு பட்டுத் தேனாக மின்னியது. துணி என்றே என் கை நம்பிவிட்டது. கட்டை விரலும் சுட்டு விரலும் விளிம்பைப் பிடிக்கப் போயின. மார்கலிதா என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். கைப் பிசுக்கு பட்டால் அந்த இடத்தில் பாறை வளர்வது நின்றுவிடுமாம். காலையில் ஜெர்மன்காரர், மத்தியானம் பாறை. ஒரே நாளில் இரண்டு தரம் அந்த விரல்களுக்கு அவமானம்.

பிறகு மார்கலிதா, கொண்டுவந்திருந்த மேஜைத்துணியைப் பாறைக்கு ஒரு பக்கமும் எங்கள் சட்டையை மறுபக்கமும் பிடித்தார்.

மேஜைத்துணி தேனாகவே இருந்தது. எங்கள் சட்டை பச்சையடித்தது. லேசாக இல்லை, நன்றாகவே. தண்ணீர்த் தொட்டியின் உட்சுவர் மாதிரி. மார்கலிதா சட்டையைத் தன் கழுத்துக்குக் கீழே வைத்துக் காட்டினார். காமாலை வந்தவர் போல இருந்தார். "என் வழிகாட்டிகள் எல்லோரும் நோயாளிகளாகத் தெரிகிறார்கள். சீசன் தொடங்கப்போகிறது. பாறைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் இந்தச் சட்டையே" என்றார்.

நான் ஜெபராஜைப் பார்த்தேன். ஜெபராஜ் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வேறு வேறு சாயம் போட்ட இரண்டு துணிகள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும், இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். ஜவுளிக் கடையில் பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவது சும்மாவா? அதனால்தான் ஆர்டர் வந்ததும் "எந்த வெளிச்சத்துல பாப்பாங்க?" என்பது என் முதல் கேள்வியாக இருக்கும். இந்த முறை நான் அதைக் கேட்கவில்லை. பகல் வெளிச்சத்திலும் கடை வெளிச்சத்திலும் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். டிசர்ட் என்றால் வெயிலில் போடுவது என்று என் மண்டையில் உறைந்திருக்கிறது. வெயிலே படாத இடத்தில் ஒருத்தர் நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு நிற்பார் என்று தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

ஆக, குற்றம் கேட்காமல் விட்ட கேள்வியில். சாயத்தில் இல்லை, கண்ணிலும் இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் குளிர்கூடத் தெரியவில்லை. நித்யாவிடம் எப்படிச் சொல்வது என்று வசனம்கூடத் தயார் செய்துவிட்டேன்.

ஜெபராஜும் மார்கலிதாவும் விளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இன்னொரு தரம் பார்க்கலாமே என்று நிமிர்ந்தேன். பெரிய சந்தேகம் வந்தால் மட்டும் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது என் வழக்கம், மற்றபடி இரண்டு கண்ணாலும்தான். எப்போதும் இடது கண்ணைத்தான் மூடுவேன். அன்று என்னவோ வலது கண்ணை மூடினேன். திரைச்சீலைக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு தூண் நின்றிருந்தது. அது பழுப்பாகிவிட்டது. வெளுத்த வேட்டியில் டீ கொட்டித் துவைத்த மாதிரி.

கண்ணை மாற்றி மூடினேன். தூண் வெள்ளை. மறுபடியும் மாற்றினேன். பழுப்பு. விளக்கு மாறவில்லை, தூணும் மாறவில்லை.

நிறமும் சாமானும் நிறைந்த இடத்திலேயே வாழ்க்கை முழுக்க இருந்துவிட்டேன். சும்மா நிற்கிற ஒரு வெள்ளையை இப்படி உற்றுப் பார்க்க எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு தூணை விட்டுத் தள்ளி நின்றேன். பயம்தான். வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்து மார்கலிதா, குகைக்கு வருகிற எல்லோருக்கும் செய்து காட்டுவதை எங்களுக்கும் செய்தார். எல்லா விளக்கையும் அணைத்தார். அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்று. இடது கண்ணும் வலது கண்ணும் ஒன்று. அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது. என் முழங்கையை ஒரு கை வந்து பிடித்துக்கொண்டது. ஜெபராஜ். அவருக்கு இருட்டென்றால் பயம் போல என்று, அப்போதும் நான் அவரைப் பற்றித்தான் நினைத்தேன்.

வெளியே வந்து மரத்தடியில் பேசி முடித்தோம். இந்தச் சட்டைகளைக் கடையில் விற்கிறேன், வெயிலில் அழகாகத்தான் இருக்கிறது என்றார் மார்கலிதா. வழிகாட்டிகளுக்கு மட்டும் வேறு சாயம் போட்டு, சீக்கிரம் அனுப்ப வேண்டும். உள்ளே போய், குகையில் மாட்டுகிற பல்பில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இனிமேல் என் விளக்குக்குக் கீழே வைத்துப் பாருங்கள்." அந்தப் பச்சையடித்த சட்டையிலேயே பல்பைச் சுற்றிப் பையில் வைத்தேன். போகும்போது கை நிறைய ஆரஞ்சும் கொடுத்தார். புளிப்பு.

திரும்பும் பஸ்ஸில் ஜெபராஜ் ஆரஞ்சு உரித்தபடி உற்சாகமாக இருந்தார். நான் கொஞ்ச தூரம் பொறுத்தேன். இந்த மனுசனை நம்பித்தான் இத்தனை வருடம் தொழில் செய்திருக்கிறேன், இவரிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது என்று தோன்றியது.

"ஏனுங்க மாஸ்டர். என்ற எடது கண்ணு போச்சாட்டம் இருக்குதுங்க. வெள்ளையெல்லாம் பழுப்பாத் தெரியுது."

அவர் உரிப்பதை நிறுத்தினார். ஆச்சரியப்படவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

"புரைதான் அண்ணாச்சி. ஆபரேசன் பண்ணுனா சரியாயிரும்" என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியுமுங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒரு வருசமா தெரியும். மொதல்லல்லாம் நீங்க ஓகே சொன்னா மெஷின்ல வைக்கவே மாட்டேன். போன வருசம் ஒரு வெள்ளை ஆர்டர்ல மஞ்சளடிக்கிறத நல்லாருக்குன்னு சொன்னிய. அதுலேந்து, நீங்க ஓகே சொல்லிட்டுப் போன பொறவு மெஷின்ல ஒருக்கா பாத்துட்டுத்தான் அனுப்புதேன். தப்பா இருந்தா திரும்பப் போட்டு அனுப்பிருவேன். இந்தக் கொகைச் சட்டையும் அப்பிடிப் பாத்ததுதான். சரியாத்தான் இருந்துச்சு."

பழுப்புத் தூணைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை. ஒரு வருடமாக நான் ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்ததெல்லாம் வெறும் கூத்து. முதுகுக்குப் பின்னால் ஒரு மெஷின் என்னைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறது. கோபம் வந்தது.

"நித்யாவுக்குத் தெரியுமுங்களா?"

"யாருக்கும் தெரியாது. அதான் நானும் கூட வந்தேன். தனியா வந்து, அங்கன வச்சுத் தெரிஞ்சா எப்படித் தாங்குவியளோன்னு."

"ஒரு வருசமாச் சொல்லாம இருந்திருக்கீங்க."

"சொன்னா பட்டறைக்கு வரமாட்டியளே அண்ணாச்சி" என்றார். உரித்த சுளையை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. வெகுதூரம் போன பிறகும் நீட்டியபடியே வைத்திருந்தார். வாங்கித் தின்றேன்.

ஊர் திரும்ப விமான நிலையத்துக்குப் போனோம். பாதுகாப்புச் சோதனையில் பையைத் திறந்து, சட்டையைப் பிரித்து, உள்ளே ஒரு பல்பு இருப்பதைப் பார்த்த அதிகாரி, இதை எதற்கு இந்தியா வரைக்கும் என்று கேட்டார். ஜெபராஜ் சொன்ன பதிலில் அவருக்கு அது இன்னும் மர்மமாகத்தான் போயிருக்கும்.

வந்த மறுநாள் நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குகைச் சட்டையில் என் கண் தப்புச் செய்யவில்லை, ஆனால் கண்ணே தப்பாகிவிட்டது. அவள் உடனே கோயம்புத்தூரில் டாக்டரிடம் நாள் வாங்கினாள். மெஷினைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. நானே, "இனி ரீடிங்கையே வச்சுக்குங்க அம்மணி" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் தலையாட்டினாள்.

சில நாள் கழித்து ஜெபராஜ் போன் செய்தார். வழிகாட்டிகளின் சட்டைக்குப் புதுச் சாயம் போட்டுச் சின்னத் துண்டுகள் தயாராகிவிட்டன, வாங்க என்றார். மெஷினில் பார்த்து அனுப்பிவிடுங்கள் என்றேன்.

"மெஷினுக்கு அந்த பல்பத் தெரியாது அண்ணாச்சி. பகல் வெளிச்சம் தெரியும், கடை வெளிச்சம் தெரியும். மார்கலிதா அம்மா கொகையப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? நீங்கதான் வரணும்."

போனேன். பட்டறையில் ஷேடு பார்க்கிற பெட்டிக்குள் மயோர்க்கா பல்பை மாட்டி வைத்திருந்தார். அதன் கீழே மேஜைத்துணித் துண்டு, பக்கத்தில் புதுத் துண்டு. வேலையாட்கள் இரண்டு மூன்று பேர் தள்ளி நின்றார்கள். ஜெபராஜ் மற்ற விளக்குகளை அணைக்கச் சொன்னார். வழக்கம் போல என் பக்கத்தில் வந்து நின்று, "சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

எல்லோருக்கும் தெரியும்படி இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டேன். குனிந்து, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தேன்.

"பச்சை போயிருச்சுங்க மாஸ்டர். செகப்பு மட்டும் இன்னுஞ் சித்தே வேணும்."

ஜெபராஜ் துண்டை எடுத்துக்கொண்டு, மெஷின் இருந்த பக்கம் திரும்பாமல், சாயம் நிறுக்கிற அறைக்குப் போனார்.